ஒற்றை ஆள் மறியல்

ஆர்ட்லி சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் மதியம் பன்னிரண்டுக்குக் கதவைத் திறந்தால், ஒரு மணிக்குள் அரசாங்கம் கவிழ்ந்துவிடும். கவிழ்ப்பவர்கள் எல்லோரும் பென்ஷன்காரர்கள். சுரங்கத்தை மூடி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அது இருந்த இடத்தில் இப்போது ஜன்னலே இல்லாத ஒரு சரக்குக் கிடங்கு நிற்கிறது. ஆனால் கிளப்பின் பெயரும் மாறவில்லை, அதில் உட்கார்ந்திருப்பவர்களின் வாயும் மாறவில்லை. ஆளுக்கு ஒரு பைன்ட் பீரை முன்னால் வைத்துக்கொண்டு, அதன் நுரை அடங்குவதற்குள் லண்டனில் இருக்கிற ஒருவனை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டுத்தான் முதல் மடக்கையே குடிப்பார்கள்.

அவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பவள் கெய்னர் ஆட்கின். ஐம்பத்துநாலு வயது. கணவன் போன பிறகு தனி ஆள். மகன் லீட்ஸில் பெயின்ட் அடிக்கிறான். பத்தொன்பது வருஷமாக இந்த பாருக்குப் பின்னால் நிற்கிறாள். யார் எந்தப் பேச்சை எப்போது தொடங்குவார், எந்த இடத்தில் மேசையைக் குத்துவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்தக் குளிர்காலத்தில் அவர்களுக்கு வேலையே வைக்காமல் அரசாங்கம் தானாகவே கவிழ்ந்துகொண்டிருந்தது. வருஷம் முடிவதற்குள் மூன்றாவது பிரதமர்.

"இவனாவது கிறிஸ்துமஸ் கேக் வெட்டுற வரைக்கும் தாங்குவானா?" என்றார் டெரிக். ஒல்லியான மனிதர், எதைச் சொன்னாலும் மூக்கால் சொல்வார்.

"தாங்கினா என்ன, தாங்காட்டி என்ன. அவன் போட்டிருக்கிற கோட்டை வித்தா நம்ம தெருவுக்கே ஒரு மாசம் காஸ் எரியும்."

"எதிர்க்கட்சிக்காரன் மட்டும் ஒழுங்கா? ரெண்டு பேருக்கும் ஒரே தையல்காரன்."

"எல்லாம் வெளிநாட்டுக்காரன் வந்ததுல இருந்துதான்," என்றார் டெரிக். மழை பெய்தாலும் பஸ் வராவிட்டாலும் அவருக்கு அதுதான் காரணம். "ஐரோப்பாவை விட்டு வெளியேறணும்னு ஓட்டுப் போட்டோமே, என்ன ஆச்சு?"

"நீங்க ஓட்டுப் போட்டதுல வெண்ணெய்க்குப் பூட்டுப் போட்டதுதான் மிச்சம்," என்றாள் கெய்னர். "நெசமாத்தான் சொல்றேன். கடையில வெண்ணெய்ப் பொட்டலத்துல திருட்டு மணி அடிக்கிற பட்டையை ஒட்டி வச்சிருக்கான். நகைக்கடைக்குள்ள வந்துட்டமோன்னு திரும்பிப் பார்த்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நெவில் மட்டும் சிரிக்கவில்லை. நெவில் புரூக்ஸ்பி கிளப்பின் செயலாளர். சுரங்கம் இருந்த காலத்தில் சங்கத்தின் கிளைப் பிரதிநிதி. எண்பத்துநாலில் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸ் லாரியில் ஏற்றப்பட்டவர். அந்த லாரியிலிருந்து அவர் இன்னும் இறங்கவில்லை.

"சிரிக்கிற விஷயமில்ல தோழர்களே," என்றார். "நர்ஸுங்க கூலி கேட்டு மழையில நிக்கிறாங்க. வேலை வாங்கத் தெரியுது, கூலி குடுக்கத் தெரியலைன்னா அவன் முதலாளியில்ல, திருடன். போடுங்க." பாரின் மேல் அவரே கொண்டுவந்து வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியை ஆட்டினார். சில்லறை குலுங்கியது. கெய்னரும் போட்டாள்.

கெய்னர் தினமும் காலை பத்து மணிக்கே வந்துவிடுவாள். நிலவறையில் காலிப் பீப்பாயைக் கழற்றி, நிறைந்ததை மாட்டி, குழாய்களைக் கழுவி, தரையைத் துடைத்து, கழிப்பறைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்து கதவைத் திறப்பாள். அவளுடைய கூலி தொடங்குவது பன்னிரண்டுக்கு. அவளுக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான் செய்தாள் என்று சேர்ந்த நாளில் சொன்னார்கள். சரி என்று விட்டுவிட்டாள். பல வருஷம் அது உறைக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில், தன் வீட்டுச் சமையலறையில் கோட்டைப் போட்டுக்கொண்டு முட்டை பொரித்தபோதுதான் உறைத்தது. காஸ் மீட்டரில் பணம் போட்டால் போட்ட வேகத்தில் அது விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது.

ஒருநாள் நெவிலைத் தனியாகப் பிடித்தாள்.

"காலையில வர்ற நேரத்துக்கும் கூலி போட்டுடுங்க. மணிக்கு ஒரு பவுண்டு சேர்த்துக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"அவ்வளவுதானே கண்ணு," என்றார் நெவில். "கமிட்டியில வச்சிடுறேன். எல்லாம் நம்ம ஆளுங்க. உனக்கு இல்லாததா?"

கமிட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்னூக்கர் அறையில் கூடியது. ஏழு பேர். பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி, வழக்கு விசாரிக்கப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். கெய்னர் பக்கத்துச் சமையலறையில் அவர்களுக்காக கடுகு விழுது தடவி ஹாம் சாண்ட்விச் அறுத்துக்கொண்டிருந்தாள். நடுச்சுவரில் தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கதவு என்றைக்குமே சரியாக மூடாது. இது அந்த ஏழு பேருக்கும் தெரியும். ஆனாலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குக் காது உண்டு என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கெய்னர் மேல நமக்கெல்லாம் பாசம் உண்டு," என்று நெவில் தொடங்கினார். பாசம் என்ற சொல்லைக் கேட்டதுமே கெய்னர் கத்தியைக் கீழே வைத்தாள். "ஆனா தோழர்களே, இப்ப நிலவரம் என்ன? கூலியை ஏத்தினா விலைவாசி ஏறும். விலைவாசி ஏறினா மறுபடி கூலி கேப்பாங்க. இந்தச் சுழல்ல மாட்டினா மீள முடியாது. இது ஆசைப்படுற நேரமில்ல, பொறுப்போட நடந்துக்க வேண்டிய நேரம்."

கெய்னருக்கு இந்தப் பேச்சை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் முன்னால் பாரில் இருக்கிற டிவியில் ஒரு மந்திரி, நர்ஸுகளுக்கு ஏன் கொடுக்க முடியாது என்று இதையேதான் சொன்னான். சுழல், பொறுப்பு, எல்லாம் அதே வரிசையில். அப்போது கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையை எடுத்து டிவி மேல் வீசியவர் இதே நெவில்தான். அட்டை குறி தவறி, பாரில் இருந்த முட்டை ஊறுகாய் ஜாடியில் விழுந்தது. எடுத்துத் துடைத்தவள் கெய்னர்.

"அதுவும் நாம முதலாளி இல்லியே," என்றார் இன்னொருவர். "இது உறுப்பினர்களோட கிளப். நமக்கு நாமே எப்படி எதிரியாக முடியும்?"

"சரியாச் சொன்ன."

கைகள் உயர்ந்தன. எண்பத்தொரு வயது ரெஜ் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவர் தலை நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மூச்சுக்குழாய் முழுக்க நிலக்கரித் தூசி. விழித்திருக்கும்போதும் குறட்டை மாதிரிதான் கேட்கும். தூங்குகிறார் என்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

நெவில் ஜன்னல் பக்கம் வந்து தட்டை வாங்கிக்கொண்டார். "வசந்தகாலத்துல மறுபடி பாக்கலாம்னு முடிவாச்சு கண்ணு. மனசுல வச்சுக்காத."

"கடுகு போதுமா?" என்று கேட்டாள் கெய்னர்.

"பிரமாதம்," என்றார், மென்றபடியே.

அந்த வாரம் முழுவதும் அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஊற்றினாள், துடைத்தாள், வெண்ணெய் ஜோக் கேட்டவர்களுக்கு மறுபடி சொன்னாள். வெள்ளிக்கிழமைதான் கிளப்பில் கூட்டம் அதிகம். அன்று காலை சிப்ஸ் பெட்டி ஒன்றை விரித்து அறுத்து, தடித்த கறுப்புப் பேனாவால் 'வேலைநிறுத்தம்' என்று எழுதினாள். எழுத்துக்கு இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு கீழே இறங்கின. தோட்டத்து மடக்கு நாற்காலியையும் ஒரு பிளாஸ்க் டீயையும் எடுத்துக்கொண்டு போய் கிளப் வாசல் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள்.  அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு உள்ளே போய்த் தரையைத் துடைத்தால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து சாய்வாக அடித்தது.

முதலில் வந்தவர் டெரிக். அட்டையைப் படித்துவிட்டு மூக்கால் சிரித்தார்.

"என்ன கூத்து இது? யாரு வேலைநிறுத்தம்?"

"நான்தான்."

"நீ ஒருத்தியா? சட்டப்படி ஓட்டெடுப்பு நடத்தணும் தெரியுமா?"

"நடத்தினேன். ஓட்டு ஒண்ணு. ஆதரவு ஒண்ணு. எதிர்ப்பு இல்ல."

"போடி இவளே," என்று சொல்லிக்கொண்டே டெரிக் கேட்டைத் தள்ளினார். கேட் திறந்தது. அவர் கால் திறந்த கேட்டின் முன்னால் நின்றுவிட்டது. காலைப் பார்த்தார். அது யாருடைய காலோ என்பது மாதிரிப் பார்த்தார். 

டெரிக்குக்கு ஒரு தம்பி இருந்தான். எண்பத்துநாலின் கடைசியில், குழந்தைக்குப் பால் மாவு வாங்கக் காசில்லாமல், கம்பி வலை போட்ட பஸ்ஸில் ஏறி மறியலைத் தாண்டி வேலைக்குப் போனவன். அன்றிலிருந்து டெரிக் அவனோடு பேசவில்லை. தம்பி ஊரை விட்டுப் போய் மான்ஸ்ஃபீல்டில் செத்தான். அடக்கத்துக்கும் டெரிக் போகவில்லை. இது ஊருக்கே தெரியும். ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

டெரிக் கேட்டை மறுபடி இழுத்துச் சாத்தினார். "நீ யூனியன்லயே இல்ல," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"இல்லதான்."

"மறியல் கோடு கோடுதான்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு, சட்டைக் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்.

அரை மணிக்குள் ஒரு டஜன் பேர் சேர்ந்துவிட்டார்கள். வந்தவன் ஒவ்வொருவனும் முதலில் சிரித்தான், அப்புறம் திட்டினான், அப்புறம் நின்றான். ஒருவரும் உள்ளே போகவில்லை. போகிறவன் எவன் என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கமிட்டிக்காரங்க செஞ்ச வேலை இது," என்றார் ஒருவர். அவரே கமிட்டியில் இருப்பவர்.

"நீயும்தானய்யா கையத் தூக்கின."

"நெவில் தூக்கினான், நானும் தூக்கினேன்."

"அவன் கிணத்துல குதிச்சா?"

அந்த நேரம் பார்த்து பீர் லாரி வந்தது. ஓட்டுநர் கீழே இறங்கி, அட்டையைப் பார்த்தான், கிழவர்களைப் பார்த்தான், கெய்னரைப் பார்த்தான்.

"நான் இதைத் தாண்ட மாட்டேன்," என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். "ஆனா திருப்பி எடுத்துட்டும் போக மாட்டேன். கணக்குல எழுதியாச்சு." பீப்பாய்களை ஒவ்வொன்றாக நடைபாதையில் உருட்டிவிட்டுப் போய்விட்டான்.

இப்போது பீர் வெளியே, குடிப்பவர்கள் வெளியே. குழாய் மட்டும் உள்ளே. நிறைந்த பீப்பாய்களைச் சுற்றி அவர்கள் நின்ற நிலையைப் பார்க்கக் கெய்னருக்குச் சிரிப்பு முட்டியது. ஒருவர் பீப்பாயை முழங்கையால் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் அதன்மேல் உட்கார்ந்து, குளிர் பின்புறத்தில் ஏறியதும் எழுந்தார்.

பெரிய தொல்லை அதற்கப்புறம்தான் தொடங்கியது. கழிப்பறையும் மறியல் கோட்டுக்கு அந்தப் பக்கம். இவர்கள் வயதில் அது காத்திருக்கிற சமாச்சாரமில்லை. ஒரு வருஷம் பட்டினி கிடந்து அரசாங்கத்தை எதிர்த்து நின்றவர்கள், அரை மணிக்கு ஒருமுறை மூச்சிரைக்கச் சர்ச் கூடத்துக்கு ஓடினார்கள். அங்கே பெண்களின் பின்னல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை போனபோது, உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"மூத்திரம் போறதுக்கும் காசா?" என்று கொதித்து வந்தார் டெரிக். "இந்த நாடு எங்க போயிட்டிருக்கு!"

"சர்ச்சுக்கும் காஸ் பில் வரும்ல," என்றாள் கெய்னர். பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை ரெஜ்ஜுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் மூடியைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

நெவில் அன்று வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மனைவி போனில் சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை. பக்கத்து ஊர்க்காரர்களோடு, சுவர்ப் பலகையில் சின்ன அம்பு எறிகிற டார்ட்ஸ் போட்டி. வருஷா வருஷம் நடப்பது. கெய்னர் தன் நாற்காலியோடு வந்தபோது ஏழெட்டுப் பேர் ஏற்கனவே நின்றிருந்தார்கள். யாராவது குடை கொண்டுவந்தால் மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் அதற்கு அடியில் ஒதுங்கினார்கள். நேற்றைய திட்டு குறைந்து, ஒரு மாதிரி உற்சாகம் வந்திருந்தது. அந்தக் காலத்தில் மறியலில் நின்றபோது பாடிய பாட்டை ஒருவர் எடுத்துக்கொடுத்தார். பாதிக்கு மேல் யாருக்கும் வரிகள் ஞாபகமில்லை.

திடீரென்று கிளப்புக்குள் விளக்கு எரிந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். முன்பக்க ஜன்னலின் தடித்த கண்ணாடி வழியாக பார் தெரிந்தது. பாருக்குப் பின்னால் நெவில். பின்பக்கம் பழைய கரிக்கொட்டகை வழியாக ஒரு கதவு உண்டு. அதன் சாவி அவரிடம்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று, குழாயை இழுத்து ஒரு கிளாஸை நிரப்பிக்கொண்டிருந்தார். வெளியே பார்த்து, சைகையால் கூப்பிட்டார். வாங்க, திறந்தாச்சு, வாங்க.

யாரும் அசையவில்லை.  அப்போது ரெஜ் சொன்னார். உரக்கச் சொல்ல அவருக்கு மூச்சில்லை. சாதாரணமாக, நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"கருங்காலி."

அந்த ஊரில் அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்வதில்லை. குடித்துவிட்டு அடித்துக்கொள்கிறவர்கள், தாயைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட அதைத் தொடமாட்டார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நெவிலுக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் வாயசைவு புரிந்திருக்க வேண்டும். கிளாஸை அப்படியே வைத்துவிட்டு முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னையா?" என்றார். "ரெஜ், என்னையா சொன்ன? போலீஸ் லாரியில என்னை ஏத்தினப்ப நீ பக்கத்துல இருந்தியே. இது வேற, அது வேற. இது நம்ம கிளப். போட்டிக்கு ஆளுங்க வர்றாங்க. யாராவது ஒருத்தர் பொறுப்பா..."

டெரிக் முதலில் திரும்பினார். நெவிலுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்றார். அடுத்தவர் திரும்பினார். பிறகு அடுத்தவர். அந்த வரிசை முழுக்க ஈரக் கோட்டுகளின் முதுகாக மாறியது. கெய்னர் இதைக் கடைசியாகப் பார்த்தது பதினாறு வயதில், தன் அப்பாவின் பக்கத்தில் நின்று. அன்று முதுகு காட்டப்பட்ட ஆட்களுக்கு அப்புறம் இந்த ஊரில் ரொட்டி விற்கவும் ஆளில்லை.

அவளுக்கு நெவில் மேல் இரக்கமெல்லாம் இல்லை. பத்தொன்பது வருஷம் காலை நேரத்தைத் தின்றுவிட்டு, கடுகு பிரமாதம் என்று சொன்ன வாய் அது. ஆனாலும் அவள் கேட்டது ஒரு பவுண்டு. ஒரு மனிதனின் சவ அடக்கத்துக்கு யார் வருவார்கள் என்பதை முடிவு செய்ய அவள் உட்காரவில்லை. அதைவிட, நெவிலின் முகம் போன போக்கு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

"திரும்புங்கய்யா எல்லாரும்," என்று எழுந்தாள். "பாய்லரைப் போய்ப் பாக்கச் சொன்னது நான்தான். குளிர்ல குழாய் வெடிச்சா யாரு கழுவுறது? நான் அனுமதி குடுத்துத்தான் போனாரு."

"பாய்லருக்கு எதுக்குக் கிளாஸு?" என்றார் டெரிக், திரும்பாமலே.

"குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்கணும்ல. மறியல் என்னோடது. யாரு தாண்டலாம், யாரு தாண்டக்கூடாதுன்னு நான்தான் சொல்லணும். நீங்க யாரு?"

அது பொய் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்க்குள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள இடம் இருந்தது. ரெஜ்தான் முதலில் திரும்பினார். "பாய்லரா," என்றார். "அப்பச் சரி." ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். 

கமிட்டி அங்கேயே, பீப்பாய்களைச் சுற்றி நின்றபடி கூடியது. யாரும் சுழலைப் பற்றிப் பேசவில்லை. காலை நேரக் கூலி, மணிக்கு ஒரு பவுண்டு, இரண்டும் நிறைவேறின. தீர்மானத்தை நெவிலே முன்மொழிய வேண்டும் என்று ரெஜ் சொன்னார். நெவில் முன்மொழிந்தார். பிறகு எல்லோரும் கிளப்புக்குள் ஓடினார்கள். பாருக்கில்லை, கழிப்பறைக்கு. பீப்பாய்களை உள்ளே உருட்டியவள் கெய்னர்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அந்தக் கிழவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம்.

அடுத்த வாரமே பைன்ட் விலை ஏறியது. கெய்னரின் கூலிக்கு வேண்டியதைவிட நாலைந்து மடங்கு ஏற்றினார்கள். அறிவிப்பைச் சுவரில் ஒட்டியவர் நெவில். காரணம் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் பார் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"பாத்தியா," என்றார் டெரிக், புது விலையை எண்ணி வைத்துக்கொண்டே. "கூலியை ஏத்தினா விலை ஏறும்னு மந்திரி சொன்னப்ப நாம சிரிச்சோம். அவன் சொன்னது சரிதான் போல."

"அவனுக்கே ஓட்டுப் போட்டுடுங்க," என்றாள் கெய்னர்.

பிறகு பார்ன்ஸ்லியிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். ஒற்றை ஆள் மறியல் பற்றிக் கேள்விப்பட்டாளாம். அவள் வந்த நேரம் கெய்னர் நிலவறையில் பீப்பாய் மாட்டிக்கொண்டிருந்தாள். மேலே வந்து பார்த்தபோது, சிப்ஸ் பெட்டி அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நெவில் வாசலில் நின்றிருந்தார். சுற்றிலும் மற்றவர்கள், முஷ்டி மடக்கி. "எங்க பெண் தொழிலாளி ஒருத்தருக்கு அநியாயம் நடந்தப்ப இந்த ஊரே அவங்க பின்னால நின்னுச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அநியாயம் செய்தது யார் என்று அந்தப் பெண் கேட்டாள். "இந்த அமைப்பு முறை," என்றார் நெவில். படம் வண்ணத்தில் வந்தது. கெய்னரின் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

அதற்கப்புறம் நெவில் அவளைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. பெயரையும் சொல்வதில்லை. அவர் கிளாஸை நீட்டுவார், அவள் நிரப்புவாள். திட்டியிருந்தால்கூட அவர் மறந்திருப்பார். தன்னைக் காப்பாற்றியதை அவரால் பொறுக்க முடியவில்லை.

ஏப்ரலில் அரசாங்கமே நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. ஏறக்குறைய அதே ஒரு பவுண்டு. கேட்காமல், நிற்காமல், நனையாமல் எல்லோருக்கும் கிடைத்தது. வசந்தகாலத்தில் மறுபடி பார்க்கலாம் என்று சொன்னீர்களே என்று அவள் போய் நின்றாள்.

"அதான் வாங்கிட்டியே," என்றார் நெவில், சுவரைப் பார்த்து. "கவர்மென்ட்டு இப்பத்தான் குடுத்திருக்கு. நாங்க முன்னாடியே குடுத்துட்டோம். கணக்கு சரியாப் போச்சு. காலையில ரெண்டு மணி நேரமெல்லாம் எதுக்கு? ஒரு மணி நேரத்துல முடிக்கலாம்னு கமிட்டி நினைக்குது."

 கோபம் வரும் என்று கெய்னர் எதிர்பார்த்தாள். வரவில்லை. அலுப்புதான் வந்தது, பாத்திரம் கழுவிய தண்ணீரை மறுபடி பார்க்கிற மாதிரி. ஏப்ரனைக் கழற்றி பாரின் மேல் போட்டாள். சாவியை அதன்மேல் வைத்தாள்.

"என்ன இது? மறுபடியும் வேலைநிறுத்தமா?"

"இல்ல. பக்கத்து ஊர் பௌலிங் கிளப்புல கூப்பிட்டாங்க. பத்திரிகையில உங்க படத்தைப் பாத்தாங்களாம். அந்தப் படத்துல இல்லாத பொம்பளை யாருன்னு விசாரிச்சிருக்காங்க."

"எத்தனை பேரு உனக்காக மழையில நின்னோம்!" என்று எழுந்தார் டெரிக். அவருக்கு நிஜமாகவே வலித்திருந்தது. "கொஞ்சமாவது விசுவாசம் வேணாமா?"

"நீங்க எனக்காகவா நின்னீங்க டெரிக்? உள்ள போகப் பயந்து நின்னீங்க." சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்று தோன்றியது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் இடத்துக்கு ஆள் தேடி விளம்பரம் கொடுத்தார்கள். வந்த இரண்டு பேரும் வேலை நேரத்தைக் கேட்டார்கள், கூலியைக் கேட்டார்கள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இக்காலத்து ஜனங்களுக்கு உழைக்க மனசில்லை என்று கமிட்டி ஒருமனதாக முடிவு செய்தது.

பௌலிங் கிளப்பில், பந்து உருட்டி விளையாடுகிற புல்வெளியைப் பார்த்த மாதிரி பார். வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பல் டாக்டர்கள். அவர்களும் அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள். கொஞ்சம் மெதுவான குரலில், வைன் குடித்துக்கொண்டு, வீட்டுக் கடன் வட்டியைச் சொல்லிச் சொல்லி. கெய்னர் அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் பத்து மணிக்கு வந்தால் பத்து மணியிலிருந்து கூலி.

மே மாதம் ஒரு மதியம், பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ரெஜ் வந்து சேர்ந்தார். முதியோர் பாஸ், டிக்கெட் கிடையாது. அரை பைன்ட் கேட்டார்.

"அங்க யாரு ஊத்துறா?" என்றாள் கெய்னர்.

"நெவில்தான். சும்மாவே. காலையில வந்து தொடைக்கிறான், குழாய் கழுவுறான். பொண்டாட்டி திட்டுறாளாம்."

"கூலி?"

"கமிட்டியில வச்சிருக்கான்." ரெஜ்ஜின் நெஞ்சு குலுங்கியது. இருமலா, சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. சிரிப்புதான். "நிலவரம் சரியில்லைன்னுட்டாங்க."

கெய்னரும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பக்கத்து மேசையில் ஒரு பல் டாக்டர் வட்டி விகிதத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ரெஜ் கிளாஸைத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டு விலைப்பலகையைப் படித்தார்.

"அரை பைன்ட்டுக்கு இவ்வளவா? பகல் கொள்ளையா இருக்கே. இதை யாரு கேக்குறது?"

"கேளுங்க, கேளுங்க," என்றாள் கெய்னர், துணியால் பாரைத் துடைத்துக்கொண்டே. "வெளிய நாற்காலி இருக்கு. அட்டை நான் தர்றேன்."